பிலிகுண்டுலு கணக்கும் நீலத் தொப்பிக் கடனும்

ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் மீன் வறுவல் என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்பார்கள். "இன்னைக்கு எவ்வளவுண்ணா வருது?" சின்னாறு பரிசல் துறையில் நிற்கும் பரிசல்காரர் துடுப்பைத் தோளில் சாய்த்தபடி "எட்டாயிரம்" என்பார். வினாடிக்கு எட்டாயிரம் கன அடி. எட்டாயிரம் என்றால் பரிசல் ஓடும், மணல்திட்டில் இறங்கலாம், அருவிக்குப் பக்கத்தில் போய்ச் சாரலில் நனைந்து திரும்பலாம். முப்பதாயிரம் என்றால் பரிசல்கள் கரையில் குப்புறக் கிடக்கும். 'அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை' என்ற செய்தி மறுநாள் தருமபுரிப் பதிப்பில் வந்துவிடும். பரிசல்காரர், எண்ணெய் மசாஜ் செய்கிறவர், மீன் வறுத்துக் கொடுக்கும் அம்மா என்று அத்தனை பேரின் அன்றைய வரும்படியும் அந்த ஒரு எண்ணில் தொங்குகிறது.

அந்த எண் ஒகேனக்கல்லில் எடுப்பதல்ல. ஆற்றின் மேல்புறத்தில், காவிரி தமிழக எல்லையைத் தொடும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் ஊழியர்கள் அளந்து சொல்வது. நீர்மட்டம் பார்க்க ஒரு அளவுகோல், நீரோட்டத்தின் வேகம் பார்க்க ஒரு கருவி, எழுதி வைக்க ஒரு பதிவேடு. துப்பாக்கி இல்லை, கொடி இல்லை, தொப்பி இல்லை. இதை 'அமைதி காக்கும் பணி' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் உலகமெங்கும் ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு செய்யப்படும் வேலையின் அடிப்படை இதுதான்: இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒருவர் நடுவில் நின்று, நடந்ததை நடந்தபடி அளந்து சொல்வது.

அளந்ததை வைத்துக் கணக்குக் கேட்க ஆளில்லாத காலம் எப்படி இருந்தது என்பது இந்தப் பக்கத்து மக்களுக்கு மறக்கக்கூடியதல்ல. 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் தமிழகத்துக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் விடச் சொல்லிக் கர்நாடகத்துக்கு இடைக்கால உத்தரவு போட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கானோர் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி வந்தார்கள். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பஸ்கள் வரிசையாக எரிந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இரண்டு முறையும் உத்தரவு இருந்தது, தண்ணீரும் ஏதோ ஓர் அளவுக்கு இருந்தது. உத்தரவுக்கும் மதகுக்கும் நடுவில் நின்று மாதாமாதம் கணக்குக் கேட்க நிரந்தரமான அமைப்பு ஒன்றுதான் இல்லை.

2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும் என்று சொன்னது. அதற்கு முன் நடுவர் மன்றம் சொன்னது 192. தமிழகத்துக்கு அதில் வருத்தம் உண்டு, நியாயமான வருத்தம். ஆனால் அந்த ஆண்டு ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24, ஆகஸ்டில் 45.95 என்று மாதவாரிக் கணக்கு. அதைப் பார்க்க ஒழுங்காற்றுக் குழு. 2023இல் பருவமழை பொய்த்தபோதுதான் இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. வினாடிக்கு 5,000 கன அடி விடச் சொன்னார்கள். தமிழகம் போதாது என்றது, கர்நாடகம் முடியாது என்றது, செப்டம்பரில் பெங்களூரிலும் பிறகு கர்நாடகம் முழுவதிலும் பந்த் நடந்தது. 1991 திரும்பவில்லை. மற்ற ஆண்டுகளில் வருணபகவான் கைகொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பெருமையையும் ஆணையத்துக்கே கொடுத்தால் மேட்டூர் விவசாயி சிரிப்பார்.

இந்த ஆணையத்தின் செலவை யார் தருகிறார்கள் என்பது பலருக்கும் தெரியாது. தமிழகம் 40 சதவீதம், கர்நாடகம் 40 சதவீதம், கேரளம் 15, புதுச்சேரி 5. மல்லுக்கட்டும் இரண்டு பேரும் சேர்ந்து நடுவரின் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கைக் கொடுக்கிறார்கள், அதுவும் சரிசமமாக. தண்ணீர்ப் பங்கு சமமல்ல, செலவுப் பங்கு சமம். சின்ன விவரம்தான். உலக அளவில் இது எவ்வளவு அபூர்வமான ஏற்பாடு என்பது ஐ.நா. அமைதிப்படையின் கணக்கு வழக்கைப் பார்த்தால்தான் புரியும்.

2025 அக்டோபரில் ஐ.நா. அதிகாரிகள் ஓர் அறிவிப்பு செய்தார்கள். உலகமெங்கும் ஒன்பது இடங்களில் இருக்கும் அமைதிப்படையினரில் நாலில் ஒரு பங்கை, அதாவது 13,000 முதல் 14,000 பேரை, வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்றார்கள். சண்டை ஓய்ந்துவிட்டது என்பதாலா? காங்கோவில் அந்த ஆண்டு ஜனவரியில்தான் கோமா நகரம் எம்-23 கிளர்ச்சிப் படையிடம் விழுந்தது. தெற்கு சூடானில் உள்நாட்டுப் போர் மறுபடி வாசலில் நின்றது. கையில் பணமில்லை, அதனால் ஆள் குறைப்பு. மில் முதலாளி லே-ஆஃப் அறிவிப்பது போலத்தான்.

எவ்வளவு பணம்? 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை எல்லா அமைதிப் பணிகளுக்கும் சேர்த்து ஒதுக்கியது சுமார் 560 கோடி டாலர். ரூபாயில் ஏறத்தாழ 47,000 கோடி. இது பெரிய தொகையா சின்னத் தொகையா என்று தமிழக வாசகர் அளந்து பார்க்க வேண்டுமானால், அதே நிதியாண்டில் தமிழக அரசு பள்ளிக்கல்வித் துறைக்கு ஒதுக்கியது 44,042 கோடி. ஒரு மாநிலம் தன் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் செலவழிக்கும் தொகையைவிடச் சற்றே கூடுதலான பணத்தில், காங்கோ முதல் சைப்ரஸ் வரை உலகத்தின் காவல் வேலை நடக்கிறது. 2024இல் உலக நாடுகள் ராணுவத்துக்குக் கொட்டியது 2.7 லட்சம் கோடி டாலர் என்கிறது ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம். ஆயிரம் ரூபாய்க்கு ஆயுதம் வாங்கும் உலகம், அமைதிக்கு எடுத்து வைப்பது இரண்டு ரூபாய். அந்த இரண்டு ரூபாயைத்தான் கடன் சொல்கிறார்கள்.

பணம் பிரிக்கும் முறை நம்மூர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது போன்றது. இருக்கிறவருக்குக் கூடுதல், இல்லாதவருக்குக் குறைவு. பாதுகாப்பு மன்றத்தில் ரத்து அதிகாரம் வைத்திருக்கும் ஐந்து நாடுகளும் முதல் மரியாதை பெறுகிறவர்கள். அதனால் அவர்களுக்குக் கூடுதல் வரி, ஏழை நாடுகளுக்குத் தள்ளுபடி. அமெரிக்காவும் சீனாவும் மட்டுமே ஏறத்தாழ பாதிச் செலவைக் கொடுக்க வேண்டும். இந்தியாவுக்கு 80 சதவீதத் தள்ளுபடி போக, நம் பங்கு ஒரு சதவீதத்தில் கால்பங்குகூட வராது. முறை நியாயமானதுதான். கோளாறு வசூலில் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம், ஐ.நா. என்ன விகிதம் போட்டாலும் 25 சதவீதத்துக்கு மேல் தர முடியாது என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறது. அந்த வித்தியாசம் வருஷா வருஷம் பாக்கியாகச் சேரும். 2025 அக்டோபரில் அமெரிக்க பாக்கி 280 கோடி டாலரைத் தாண்டிவிட்டது என்றார்கள். சீனா கொடுக்கும், ஆனால் தாமதமாகக் கொடுக்கும். பரிவட்டத்துக்குத் தலையை முதலில் நீட்டுகிறவர் வரி நோட்டு வரும்போது தோட்டத்துக்குப் போய்விடுவது எந்த ஊரில்தான் இல்லை!

இந்த பாக்கியை உண்மையில் சுமப்பது யார் என்று அடுத்த கேள்வி கேட்க வேண்டும். ஐ.நா.வுக்குச் சொந்தப் படை கிடையாது. நேபாளம், ருவாண்டா, வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, பாகிஸ்தான் போன்ற நாடுகள்தான் ஆட்களை அனுப்புகின்றன. சிப்பாய்க்கு அவருடைய நாடு சம்பளம் கொடுத்துவிடும். ஐ.நா. பிறகு அந்த நாட்டுக்குத் தலைக்கு மாதம் 1,400 டாலருக்குச் சற்று மேல் திருப்பித் தரும். வண்டி, ஜெனரேட்டர், ஆஸ்பத்திரிச் சாமான் எல்லாவற்றுக்கும் தனி வாடகை. பரிசோதனை நாளன்று வண்டி ஓடாமல் நின்றால் அதற்கான வாடகை பிடித்தம். இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்கும் அமைப்பு, கல்லாவில் பணம் இல்லாத நாளில் முதலில் நிறுத்தி வைப்பது இந்தத் திருப்பித் தரும் தொகையைத்தான். 2019 மார்ச் நிலவரப்படி ஐ.நா. இந்தியாவுக்குத் தர வேண்டியிருந்தது 3.8 கோடி டாலர். அப்போது எந்த நாட்டுக்கும் இருந்த பாக்கியைவிட அதிகம். சுருக்கமாகச் சொன்னால் வாஷிங்டன் கட்டாத சந்தாவுக்கு டெல்லியும் டாக்காவும் காத்மாண்டுவும் வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த நோயல்ல. 1960இல் காங்கோவுக்கு ஐ.நா. படை போனபோதே பிரான்ஸும் சோவியத் யூனியனும் 'நாங்கள் பணம் தர மாட்டோம்' என்று விட்டன. ஐ.நா. கடன் பத்திரம் வெளியிட்டுச் சமாளித்தது. இந்தச் செலவும் உறுப்பு நாடுகள் ஏற்க வேண்டிய செலவுதானா என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார்கள். ஆம் என்று 1962 ஜூலையில் பதில் வந்தது. அதற்கு ஏழரை மாதத்துக்கு முன்பே, 1961 டிசம்பர் 5 அன்று, காங்கோவின் எலிசபெத்வில் நகரில் சாலை மறிப்பு ஒன்றை உடைக்கப் போன இந்தியக் கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா கழுத்தில் குண்டடிபட்டு இறந்திருந்தார். ஐ.நா. பணியில் இறந்து பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் அவர். 1950கள் முதல் இன்றுவரை இந்தியா 2,90,000 பேரை அனுப்பியிருக்கிறது. ஏறத்தாழ 180 பேர் திரும்பவில்லை. எந்த நாடும் இவ்வளவு பேரை இழக்கவில்லை.

பரம்வீர் சக்ராவைப் பேசும்போது இன்னொரு பெயரையும் சொல்லாமல் தமிழில் இந்தக் கட்டுரையை நகர்த்த முடியாது. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் வளர்ந்த தமிழர். 1987 நவம்பர் 25 அன்று யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் விடுதலைப் புலிகளுடன் நடந்த மோதலில் இறந்தார். அவர் போனதும் அமைதிப்படையில்தான். ஆனால் அது ஐ.நா. படையல்ல.

தமிழில் 'அமைதிப்படை' என்ற சொல்லைச் சொன்னால் பாதிப் பேருக்கு மணிவண்ணன் 1994இல் எடுத்த படமும் சத்யராஜின் அமாவாசையும் நினைவுக்கு வரும். அந்தச் சொல்லில் ஏறிய நக்கல் சும்மா ஏறியதல்ல. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை இறங்கியது. யாழ்ப்பாணத்து மக்கள் முதலில் மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள். பத்து வாரம் கழித்து, அக்டோபரில், அதே படை யாழ்ப்பாணத்தைப் பிடிக்கப் போர் தொடங்கியிருந்தது. அந்த மாதம் 21ஆம் தேதி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த படையினரின் துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸுகளும் இறந்தார்கள். சண்டையை நிறுத்த வேண்டிய இரண்டு தரப்பில் ஒன்று ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. செலவு முழுவதும் ஒரே நாட்டின் கஜானாவிலிருந்து. உத்தரவு ஒரே தலைநகரிலிருந்து. தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது என்று கேட்க ஒரு மூன்றாம் இடம் இல்லை. 1989இல் இலங்கை ஜனாதிபதி பிரேமதாசா போகச் சொன்னார். புலிகளுக்கு அவருடைய அரசே ஆயுதம் கொடுத்தது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். தமிழ் மக்கள் எத்தனை பேர் என்ற கணக்கை எந்த அரசும் ஒழுங்காக எடுக்கவில்லை. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை.

இதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் 'இந்தியா போயிருக்கவே கூடாது' என்பதோடு முடிவதில்லை. தன் காசில் தானே நடுவராகப் போகிறவர் சீக்கிரமே ஆட்டக்காரராகிவிடுவார். காவிரிக்கு நடுவராகக் கர்நாடகமே தன் செலவில் ஆள் போட்டிருந்தால் பிலிகுண்டுலு எண்ணைத் தஞ்சாவூரில் யார் நம்புவார்கள்?

சரி, துப்பாக்கியே வேண்டாம், வெறும் அளவுகோல் போதுமா? அதையும் இலங்கை பார்த்திருக்கிறது. 2002 பிப்ரவரி 22 போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குப் பிறகு நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் கண்காணிப்புக் குழு வந்தது. அறுபது பேருக்குள் இருப்பார்கள், ஆயுதம் கிடையாது. யார் எங்கே சுட்டார்கள், யார் எந்தப் பிள்ளையைப் படைக்குப் பிடித்தார்கள் என்று புகார் வாங்கி, விசாரித்து, எழுதினார்கள். ஆயிரக்கணக்கான மீறல்கள் பதிவாயின. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ததும், ஒன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாட்டவரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் பாதி ஆட்களுடன் மிஞ்சின. 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தையே கிழித்துப் போட்டது. குழு மூட்டை கட்டியது. அவர்கள் அளந்தது தப்பல்ல. அளவை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க மேலே ஒரு உச்ச நீதிமன்றம் இல்லை. பிலிகுண்டுலு அளவுகோலுக்குப் பின்னால் அது இருக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் நடந்ததுதான் இன்னும் கனமானது. வன்னியில் இருந்த ஐ.நா. அலுவலர்களைக் கிளிநொச்சியிலிருந்து வெளியேறும்படி அரசு சொன்னது. செய்தி பரவியதும் ஜனங்கள் அலுவலக வாசலில் கூடினார்கள். போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். சில நாளில் வாகன வரிசை வவுனியாவை நோக்கிப் போனது. அங்கே இருந்தது நிவாரண அலுவலகங்கள், அமைதிப்படை அல்ல என்பது உண்மை. ஆனால் வாசலில் நின்றவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை. அடுத்த எட்டு மாதத்தில் முள்ளிவாய்க்கால் வரை நடந்தது உலகத்துக்குத் தெரியும். 2012 நவம்பரில் சார்லஸ் பெட்ரி தலைமையிலான உள்விசாரணைக் குழு ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று எழுதியது.

இன்னொரு வாசலையும் பார்க்கலாம். 2013 டிசம்பரில் தெற்கு சூடானில் இனச் சண்டை வெடித்தது. ஜூபாவிலும் போர் என்ற நகரத்திலும் மலக்காலிலும் ஐ.நா. படைமுகாம்களின் முன்னால் ஜனங்கள் ஓடி வந்து நின்றார்கள். அங்கே கதவைத் திறந்துவிட்டார்கள். பல்லாயிரக்கணக்கானோர் உள்ளே வந்தார்கள், பின்னாளில் அந்த எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தொட்டது. கூடாரம் போதவில்லை, கக்கூஸ் போதவில்லை, முழங்கால் சேற்றில் குழந்தைகள். பலர் அதில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். இருந்தாலும் உயிரோடு கிடந்தார்கள். அக்கோபோ என்ற ஊரில் ஒரு சின்ன முகாமில் தஞ்சம் புகுந்தவர்களைத் தேடி ஆயுதக் கும்பல் ஒன்று உள்ளே நுழைந்தபோது தடுத்து நின்று இறந்தவர்கள் இரண்டு இந்தியச் சிப்பாய்கள்.

கிளிநொச்சி வாசலுக்கும் ஜூபா வாசலுக்கும் உள்ள தூரத்தை அளந்தால்தான் 2025 ஆள்குறைப்பின் விலை தெரியும். ருவாண்டாவில் 1994 ஏப்ரலில், படுகொலை தொடங்கிய மாதத்திலேயே, 2,500 பேர் இருந்த படையை 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்பு மன்றம் தீர்மானம் போட்டது. நூறு நாளில் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் செத்தார்கள்.

அமைதிப்படைகளை ஒரேயடியாகப் புனிதப்படுத்தவும் வேண்டாம். 2007 நவம்பரில் ஹைதியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட இலங்கைச் சிப்பாய்கள் பாலியல் புகார்களுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். குழந்தைகளும் அதில் பாதிக்கப்பட்டிருந்தார்கள். ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. காரணம், தண்டிக்கும் அதிகாரம் ஐ.நா.விடம் இல்லை, அனுப்பிய நாட்டிடம் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு டாலர் என்று ஆள் அனுப்புவது சில அரசுகளுக்கு வருமானமாகவும் ஆகிவிட்டது. அதே காலத்தில், 2007இல், லைபீரியாவுக்கு இந்தியா அனுப்பிய மத்திய ரிசர்வ் போலீஸின் மகளிர் பிரிவு அந்த ஊர்ப் பெண்களைப் போலீஸ் வேலைக்கு வரத் தூண்டியது என்று சொல்லப்படுகிறது. இரண்டும் ஒரே தொப்பிதான்.

சண்டைபோடுகிறவர்களே செலவையும் ஏற்கட்டும் என்ற காவிரி முறை உலகத்துக்குப் பொருந்துமா? பொருந்திய இடங்கள் உண்டு. 1962இல் மேற்கு நியூ கினியில் ஐ.நா. நிர்வாகம் நடந்தபோது நெதர்லாந்தும் இந்தோனேசியாவும் செலவைப் பாதிப்பாதி பகிர்ந்தன. அந்த மண்ணின் பப்புவா மக்களை யாரும் கேட்கவில்லை என்பது தனிக்கதை. சைப்ரஸ் அரசு தன் தீவில் நிற்கும் படைக்கு 1993 முதல் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கிறது. தோற்ற இடமும் உண்டு. 1963இல் ஏமன் கண்காணிப்புப் பணிக்கு சவூதியும் எகிப்தும் பணம் கொடுத்தன. இரண்டு இரண்டு மாதமாகத்தான் கொடுத்தன. மனமில்லாத நாளில் பணமும் இல்லை, பணியும் இல்லை. தெற்கு சூடானிடம் போய் 40 சதவீதம் கொடு என்று கேட்பதும் கேலிக்கூத்து. ஆகவே ஏழை நாட்டின் நெருப்பை அணைக்க மற்றவர்கள் வரி கட்டித்தான் ஆக வேண்டும். வசதியுள்ளவர்கள் சண்டை போடும் இடத்தில் அவர்களே கட்டட்டும் என்பது நியாயமான கோரிக்கை.

பொதுவான நடுவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒகேனக்கல்லே ஒரு பக்கவாட்டுச் சாட்சி சொல்லும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பள்ளிப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை, வயதானவர்களுக்கு வளைந்த எலும்பு. இதற்காக ஆண்டுக்கு 1.4 டி.எம்.சி. எடுக்கும் 1,928 கோடி ரூபாய்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு வந்தது. கர்நாடகம் ஆட்சேபமில்லை என்று 1998இலேயே ஒப்புக்கொண்டிருந்தது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதும் கர்நாடகத் தேர்தல் வந்துவிட்டது. பா.ஜ.க.வின் எடியூரப்பா ஆதரவாளர்களோடு ஒகேனக்கல்லுக்கே வந்தார். பெங்களூரில் தமிழ்ச் சங்கம் தாக்கப்பட்டது, சென்னையில் நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், ஏப்ரலில் கருணாநிதி திட்டத்தைத் தள்ளி வைப்பதாக அறிவித்தார். கடைசியில் 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். 1998 காகிதம் ஒன்று இருந்தது, வெளிநாட்டுப் பணமும் இருந்தது. அந்தக் காகிதத்தைக் காட்டி இரண்டு பக்கத்தையும் உட்கார வைக்க ஒரு பொதுவான ஆள் அன்று இல்லாததால், ஃபுளோரைடுத் தண்ணீரை ஜனங்கள் இன்னும் சில ஆண்டு குடித்தார்கள்.

இந்தியாவிடமும் ஒரு முரண் இருக்கிறது. உலகத்துக்கு ஆள் அனுப்பும் நாடு, தன் வீட்டு வாசலில் நிற்கும் ஐ.நா. பார்வையாளர்களை விரும்புவதில்லை. 1949 முதல் காஷ்மீரில் இருக்கும் பார்வையாளர் குழுவுக்கு 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு வேலை இல்லை என்பது டெல்லியின் நிலைப்பாடு. 2014இல் டெல்லியில் அந்தக் குழு வாடகையில்லாமல் இருந்த பங்களாவையும் காலி செய்யச் சொன்னார்கள். அதற்கு டெல்லி சொல்லும் காரணத்தில் சட்டப்படி வலு இருக்கலாம். ஊருக்கு உபதேசம் என்று பக்கத்து நாட்டுக்காரர் சொன்னால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு இந்தியா படையை அனுப்புவதை நிறுத்திவிடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. அக்கோபோ முகாமில் நின்றவர்கள் இல்லாமல் போனால் அங்கே தஞ்சம் புகுந்தவர்களுக்கு வேறு யாரும் வரப்போவதில்லை. ஆனால் இன்று போகும் விதத்தில் போகவும் வேண்டாம். ஐ.நா. சாசனத்தின் 44ஆவது பிரிவு, ஒரு நாட்டின் படையைப் பயன்படுத்துவது பற்றிப் பாதுகாப்பு மன்றம் முடிவெடுக்கும்போது அந்த நாட்டையும் அழைத்து உட்கார வைக்க வேண்டும் என்கிறது. இந்தியத் தூதர்கள் இதைப் பல முறை நினைவூட்டியிருக்கிறார்கள், மன்றம் கேட்டும் கேளாததுபோல இருக்கிறது. அடுத்த பட்டாலியனுக்குக் கோரிக்கை வரும்போது இரண்டு நிபந்தனைகள் போடலாம்: பழைய பாக்கிக்குத் தேதி, மேசையில் ஒரு நாற்காலி. ஆள் கொடுக்கும் நேபாளமும் வங்கதேசமும் ருவாண்டாவும் சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம். அவர்கள் இல்லாமல் படையே இல்லை.

இதை டெல்லி தானாகச் செய்யாது. நாடாளுமன்றத்தில் கேட்டால்தான் கோப்பு நகரும். தருமபுரி எம்.பி. ஆனாலும் கிருஷ்ணகிரி எம்.பி. ஆனாலும் வெளியுறவுத் துறைக்கு எழுத்துமூலம் இரண்டு கேள்விகள் அனுப்பலாம்: இன்றைய தேதியில் ஐ.நா. இந்தியாவுக்குத் தர வேண்டிய தொகை எவ்வளவு? ஆட்குறைப்பில் காங்கோவிலிருந்தும் தெற்கு சூடானிலிருந்தும் திரும்பி வரும் இந்திய வீரர்கள் எத்தனை பேர், அவர்கள் விட்டு வரும் முகாம்களில் எத்தனை ஜனங்கள் இருக்கிறார்கள்? முதல் கேள்விக்குப் பதில் வந்துவிடும். இரண்டாவது கேள்வியின் பின்பாதிக்குப் பதில் வரும்வரை விடாமல் கேட்க வேண்டும்.